லாரிக்குத் திறந்த கதவு காருக்கு ஏன் மூடியிருக்கிறது?

உளுந்தூர்பேட்டையிலிருந்து தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் வழியாகச் சேலம் போகும் நெடுஞ்சாலையோரம் குடியிருப்பவர்களுக்குப் பழகிப்போன காட்சி ஒன்று உண்டு. பாதி முடிந்த லாரி ஒன்று தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். முன்னால் என்ஜினும் ஓட்டுநர் இருக்கையும். பின்னால் இரண்டு நீண்ட இரும்புச் சட்டங்கள், அவற்றின் அடியில் ஆக்சிலும் சக்கரங்களும். பெட்டி இல்லை, பக்கப் பலகை இல்லை. முன்பெல்லாம் கேபின்கூட இருக்காது. ஓட்டுநர் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காற்றை முகத்தில் வாங்கியபடி போவார். ஆலையிலிருந்து தற்காலிகப் பதிவு எண்ணோடு கிளம்பி, நாமக்கல் பக்கம் பாடி கட்டப் போகிற சேசிஸ் அது. சில வாரங்கள் கழித்து அதே வண்டி பெட்டி, பலகை, பெயின்ட், பின்பக்க வாசகம் எல்லாவற்றோடும் பாரம் ஏற்றிக்கொண்டு இதே சாலையில் திரும்பி வரும். அதை முடித்துக் கொடுத்தது பெரிய கம்பெனி அல்ல. தகர ஷெட்டுக்குள் வெல்டிங், தச்சு, டிங்கரிங், பெயின்ட் வேலை தெரிந்த சில பேர்.

பாதி வண்டியை ஆலையில் வாங்கி, மீதியைப் பட்டறையில் கட்டி, அதிகாரி பார்த்துச் சரி என்றதும் சாலையில் ஓட்டுவது: இதைக் காரில் செய்தால் அதற்கு இங்கிலாந்தில் 'கிட் கார்' என்று பெயர். அங்கே ஆயிரக்கணக்கானோர் வீட்டுக் கொட்டகையில் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களைத் தங்கள் கையாலேயே கட்டி, பதிவு எண் வாங்கி ஓட்டுகிறார்கள். கள்ளக்குறிச்சியில் ஒரு வெல்டரோ, பாலிடெக்னிக் மாணவரோ அதே வேலையை அதே நேர்த்தியோடு செய்து முடித்தாலும், அந்தக் கார் வீட்டு வாசலைத் தாண்டிப் பொதுச் சாலையில் இறங்க முடியாது. திறமை இல்லை என்பது இதற்குக் காரணம் இல்லை, ஆபத்து கூடுதல் என்பதும் முழுக் காரணம் இல்லை. ஒற்றை வண்டியைச் சோதித்துப் பார்க்கும் முறை நம் விதிகளில் இல்லை, அதுதான் காரணம். அந்த முறையை உருவாக்க முடியும், உருவாக்க வேண்டும், அதற்கான அடித்தளம் லாரி விஷயத்தில் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒரு காரின் பிறப்பு

கிட் கார் என்ற வழக்கம் பணக்காரப் பொழுதுபோக்காகத் தொடங்கவில்லை. 1957-இல் இங்கிலாந்தில் காலின் சாப்மனின் லோட்டஸ் நிறுவனம் 'லோட்டஸ் செவன்' என்ற சிறிய திறந்த காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது முழுதாகச் செய்த காருக்குக் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக விற்றால் இல்லை. எனவே அந்தக் காரைப் பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்வது நடுத்தர வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியான வழியாயிற்று. 1973-இல் அந்த வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் சலுகை மறைந்தது. ஆனால் பழக்கம் மறையவில்லை. அதே ஆண்டு கேட்டர்ஹாம் என்ற நிறுவனம் உரிமையை வாங்கி, அந்தக் காரை இன்றுவரை செய்து வருகிறது. 1996-இல் ரான் சாம்பியன் என்ற ஆசிரியர், 250 பவுண்டு செலவில் ஸ்போர்ட்ஸ் கார் கட்டும் முறையைப் படங்களோடு ஒரு புத்தகமாக எழுதினார். பழைய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றைப் பிரித்து, அதன் என்ஜினையும் கியர்பாக்சையும் ஆக்சிலையும் கையால் கட்டிய சட்டத்தில் பொருத்துவதே அவருடைய வழி. அதைப் பின்பற்றி உலகெங்கும் கட்டப்பட்ட கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்றே பெயர் நின்றுவிட்டது. அமெரிக்காவில் 1964-இல் புரூஸ் மேயர்ஸ் என்ற படகு கட்டுபவர், வோக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களை வைத்து ஃபைபர் கிளாஸ் உடலோடு மணல்மேட்டு வண்டி ஒன்றைச் செய்தார். படகு கட்டிய கைதான் அங்கே கார் கட்டியது.

வேலை எப்படி நடக்கிறது என்று கிட்டத்தில் பார்த்தால், அதில் நம் ஊர்ப் பட்டறைக்குத் தெரியாதது மிகக் குறைவு என்பது புலப்படும். முதலில் சட்டம். ஒரு அங்குலச் சதுர பைப், சுவர்த் தடிமன் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர். ஜன்னல் கிரிலும் கேட்டும் செய்யும் எந்தப் பட்டறையிலும் இருக்கும் சரக்கு. ஒரு தட்டையான மேசையில் வரைபடத்தை முழு அளவில் வரைந்து, பைப்புகளை வெட்டி அதன்மேல் வைத்து, முதலில் ஆங்காங்கே பொட்டு வைத்தாற்போல டாக் வெல்டு செய்வார்கள். மூலைக்கு மூலை அளந்து இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால்தான் முழு வெல்டிங். ஒரே பக்கமாக ஓட்டினால் சூடு பைப்பை இழுத்துச் சட்டத்தை முறுக்கிவிடும் என்பதால், இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் பற்றவைக்க வேண்டும். சட்டத்தின் உறுதி பைப்பின் கனத்தில் இல்லை, முக்கோணத்தில் இருக்கிறது. பந்தல் போடுகிறவர் நான்கு கால் நட்டு மேலே கட்டிய பிறகும் ஆட்டம் நிற்காதபோது, ஒரு கம்பைச் சாய்வாகக் குறுக்கே கட்டுகிறார், ஆட்டம் நின்றுவிடுகிறது. அந்தக் குறுக்குக் கம்புதான் இந்தச் சட்டத்தின் முழு ரகசியமும். ஒவ்வொரு சதுரமும் முக்கோணமாகப் பிரிக்கப்படுவதால்தான் ஒல்லியான பைப்பில் செய்த சட்டம் வளைவில் முறுக்காமல் நிற்கிறது.

அடுத்தது இயந்திரப் பாகங்கள். 1983 டிசம்பரில் சாலைக்கு வந்து 2014 ஜனவரி வரை உற்பத்தியான மாருதி 800, இந்தியக் கொட்டகைக் காருக்கு இயல்பான பாகக் களஞ்சியம். 796 சி.சி., மூன்று சிலிண்டர். என்ஜினும் கியர்பாக்சும் ஒரே கட்டாகக் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரங்களை ஓட்டும். அந்த முழுக் கட்டையும் தூக்கி இருக்கைக்குப் பின்னால் வைத்துப் பின்சக்கரங்களை ஓட்ட வைத்தால், எடை நடுவில் வந்து, திருப்பத்தில் சொன்னபடி கேட்கும் சிறிய கார் கிடைக்கும். காயலாங்கடைக்குப் போகும் பழைய காரிலிருந்து ஸ்டியரிங், டிஸ்க் பிரேக், வயரிங் எல்லாம் வரும். வெளி உடலுக்கு ஃபைபர் கிளாஸ். பிளைவுட்டிலும் பட்டியிலும் உருவம் செய்து, அதன்மேல் அச்சு எடுத்து, அச்சுக்கு மெழுகு தேய்த்து, ஜெல் கோட் பூசி, கண்ணாடி இழை மேட்டை ரெசினில் நனைத்து ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் ரோலரால் உருட்டி எடுக்க வேண்டும். கடலூர் முதல் கன்னியாகுமரி வரை கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்த ஃபைபர் படகுகள் இப்படித்தான் செய்யப்படுகின்றன. ஆக, சட்டத்துக்குக் கள்ளக்குறிச்சி, உடலுக்குக் கடலூர், லேத் வேலைக்குச் சேலம். தேவையான கைத்திறன் எல்லாம் சில மணி நேரப் பயணத் தூரத்துக்குள் இருக்கிறது.

நம்மிடம் இருந்த முன்னோடிகள்

இது நமக்கு அந்நியமான கனவு என்று சொல்ல முடியாது. கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு 1952-இல் இருவர் அமரும் சிறிய பெட்ரோல் காரைச் செய்தார். அரசு உரிமம் கிடைக்காததால் அது உற்பத்திக்குப் போகவில்லை. அதே ஊரில், லட்சுமி மில்ஸ் குடும்பத்தைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் செய்த காரியம் இன்னும் தெளிவான சான்று. அவர் மாருதி 800-இன் என்ஜினை எடுத்து, சட்டம் கட்டி, ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காராக்கினார். 'ஃபார்முலா மாருதி' என்று பெயர் பெற்ற அந்த வகைக் கார்களால், வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய வசதியில்லாத இளைஞர்களும் பந்தயத்துக்கு வர முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத் தளத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டித் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரு பட்டறையில் கையால் கட்டிய கார் என்ன செய்யும் என்ற கேள்விக்கு இதைவிட வேறு பதில் தேவையில்லை. அது ஓட்டுநர்களை உருவாக்கியது, மெக்கானிக்குகளை உருவாக்கியது, ஒரு நகரத்துக்கே ஒரு தொழில் மரபைக் கொடுத்தது.

இன்றும் அந்தச் செட்டிபாளையம் தளத்தில் 'ஃபார்முலா பாரத்' என்ற போட்டிக்கு நாடெங்கும் இருந்து பொறியியல் மாணவர்கள் தாங்களே கட்டிய ஒற்றை இருக்கை கார்களோடு வருகிறார்கள். கார் ஓடுவதற்கு முன் நடக்கும் சோதனைகளைக் கவனிக்க வேண்டும். ஒரு சாய்மேசையில் காரை ஏற்றி 60 டிகிரி வரை சாய்ப்பார்கள். எந்தச் சக்கரமும் தூக்கக் கூடாது, ஒரு சொட்டு எண்ணெயோ பெட்ரோலோ ஒழுகக் கூடாது. பிறகு ஓட்டிவந்து பிரேக்கை மிதிக்க வேண்டும். நான்கு சக்கரமும் ஒருசேரப் பூட்டி நிற்க வேண்டும். சட்டத்தின் பைப் அளவு, வெல்டிங், கவிழ்ந்தால் தலையைக் காக்கும் வளையம், சீட் பெல்ட் பிடிமானம் எல்லாம் பட்டியல் போட்டுப் பார்க்கப்படும். தேறாத கார் தளத்தில் இறங்காது. ஒரே ஒரு பிரதி மட்டும் உள்ள, மாணவர் கையால் கட்டிய காரைச் சிதைக்காமல் சோதிக்க முடியும் என்பதைத் தமிழ்நாட்டு மண்ணிலேயே ஆண்டுதோறும் செய்து காட்டிக்கொண்டிருக்கிறோம். அந்தச் சோதனைக்குப் பிறகு கிடைக்கும் அனுமதி பந்தயத் தளத்தின் கேட்டோடு முடிந்துவிடுகிறது என்பதுதான் குறை.

கதவு எங்கே மூடுகிறது

கையால் கட்டிய கார் பொதுச் சாலைக்கு வர முயன்றால் இரண்டு பக்கமும் சட்டம் மறிக்கிறது. பழைய மாருதியின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு, இது அதே வண்டிதான், சில மாற்றம் மட்டும் செய்திருக்கிறேன் என்று போனால், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்தது. சரி, பழைய ஆர்.சி.யை ஒப்படைத்துவிட்டு, இது புது வண்டி என்று போனால், மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆம் விதி நிற்கும். எந்த வண்டியானாலும் அதன் முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை மையத்தில் கொடுத்துத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அந்தச் சோதனைகளில் காரை வேகமாக ஓட்டி மோதவிட்டுப் பார்ப்பதும் ஒன்று. லட்சம் கார் செய்யப் போகும் கம்பெனிக்கு நான்கைந்து காரை உடைப்பது சிறு செலவு. ஒரே கார் கட்டியவருக்கு, சோதனை முடியும்போது கையில் சான்று இருக்கும், கார் இருக்காது.

2021 டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டக் கொல்லர் ஒருவர், இருசக்கர வாகனப் பாகங்களையும் பழைய இரும்பையும் வைத்துச் சுமார் 60,000 ரூபாயில் செய்த குட்டி ஜீப் நாடெங்கும் பேசப்பட்டது. அதை வியந்து பாராட்டிய தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா, இது விதிகளுக்கு உட்படாததால் அதிகாரிகள் என்றைக்கானாலும் நிறுத்திவிடுவார்கள் என்றும் சொல்லி, பதிலாக ஒரு புதிய பொலேரோவைத் தருவதாக அறிவித்தார். 2022 ஜனவரியில் பரிமாற்றம் நடந்தது. அந்தக் குட்டி ஜீப் மஹிந்திராவின் ரிசர்ச் வேலி சேகரிப்புக்குப் போனது. கொடுத்தவரின் மனம் பெரியது, பெற்றவரின் குடும்பம் மகிழ்ந்தது. ஆனாலும் ஒரு நாடாக நாம் யோசிக்க வேண்டியது வேறு. அந்த வண்டியின் பிரேக்கில் என்ன குறை, ஸ்டியரிங்கில் எதைத் திருத்தினால் சாலைக்கு வரலாம் என்று அவரிடம் சொல்லக் கடமைப்பட்ட ஓர் அலுவலகம்கூட நம்மிடம் இல்லை. காட்சிக்கூடத்துக்குப் போன வண்டி போற்றப்படும், திருத்தப்படாது. திருத்தம் கிடைக்காத இடத்தில் தொழில்நுட்பம் வளராது.

இனி, சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவைப் பார்ப்போம். அதே மத்திய மோட்டார் வாகன விதிகளில் 22-ஏ என்ற படிவம் உண்டு. உடல் தனியாகக் கட்டப்படும் வண்டிகளுக்கானது அது. அதில் இரண்டு பகுதிகள்: முதல் பகுதியில் சேசிஸ் செய்த நிறுவனம் தன் பொறுப்புக்குக் கையெழுத்துப் போடும், இரண்டாம் பகுதியில் பாடி கட்டியவர் தன் பொறுப்புக்குக் கையெழுத்துப் போடுவார். சேசிஸ் பட்டறையில் இருக்கும் காலத்துக்குத் தற்காலிகப் பதிவும் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. பஸ் பாடிக்கு ஏ.ஐ.எஸ். 052, லாரி பாடிக்கு ஏ.ஐ.எஸ். 093 என்று தர விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. கரூரின் பஸ் பாடித் தொழிலும், நாமக்கல்லின் லாரி பாடித் தொழிலும், திருச்செங்கோட்டின் போர்வெல் ரிக் தொழிலும் இந்தப் பகிர்ந்த பொறுப்பின் மேல்தான் வளர்ந்தன. ஐம்பது பேர் உட்கார்ந்து போகும் பஸ்ஸின் கூட்டை ஒரு பட்டறை கட்டலாம், அதற்கு விதி எழுதிச் சோதிக்கலாம் என்று நம்பிய அரசு, இருவர் உட்காரும் கார் விஷயத்தில் விதி எழுத முடியாது என்று சொல்ல நியாயம் இல்லை.

மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு உயிர் பற்றியது. அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னையின் மீன்பாடி வண்டிகளைக் காட்டிக் கேட்பார்கள்: பழைய மொபெட் என்ஜினை மூன்று சக்கர வண்டியில் மாட்டி, பதிவும் காப்பீடும் இல்லாமல் ஓட்டுவதுபோலத்தானே இதுவும் ஆகும்? என் பதில், மீன்பாடி வண்டி தர விதியால் பிறந்ததல்ல, தர விதி இல்லாததால் பிறந்தது. சட்டப்படி ஓடக் கூடாது என்றாலும் அது ஓடுகிறது. சோதிக்க வழி இல்லாததால் அதன் பிரேக்கை ஒருவரும் சோதிப்பதில்லை. குஜராத்தில் மோட்டார் சைக்கிளின் முன்பாதியோடு கூண்டைச் சேர்த்துச் செய்த 'சக்டா' வண்டிகளின் கதை இதற்கு மறுபக்கம். ராஜ்கோட்டின் அதுல் ஆட்டோ நிறுவனம் அந்த வண்டித் தொழிலிலிருந்து வளர்ந்து, பின்னர் முறைப்படி தகுதிச் சான்று பெற்ற மூன்று சக்கர வண்டிகளைச் செய்யும் நிறுவனமாயிற்று. தடை மட்டும் வைத்தால் வண்டி மறைவில் ஓடும்; தடையோடு தேர்வும் வைத்தால் அது தேறிய வண்டியாக மாறும்.

தேர்வு கடுமையாக இருக்க வேண்டும் என்பதற்குக் கல்வராயன் மலையே சாட்சி. கிழக்குத் தொடர்ச்சி மலையில் 2,000 அடி முதல் 4,000 அடி வரை எழும் இந்த மலைக்கு, கச்சிராயபாளையம் பக்கமிருந்து வெள்ளிமலைக்கு ஏறும் சாலையை எண்ணிப் பாருங்கள். ஏறும்போது சோதிக்கப்படுவது என்ஜின்; இறங்கும்போது சோதிக்கப்படுவது உயிர். 600 கிலோ எடையுள்ள சிறிய கார் 500 மீட்டர் உயரம் இறங்கினால், ஏறக்குறைய 29 லட்சம் ஜூல் ஆற்றலைக் கழித்தாக வேண்டும். 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுபோகும் சூடு அது. கியரைக் குறைத்து என்ஜினில் கொஞ்சம் கழிக்கலாம். மீதி முழுவதும் பிரேக் தட்டுகளில்தான் இறங்கும். தட்டு சிறிதாக இருந்தாலோ, பிரேக் ஆயிலில் ஈரம் ஏறியிருந்தாலோ, கீழ்வளைவு ஒன்றில் பெடல் மெத்தென்று உள்ளே போய்விடும். எனவே வீட்டில் கார் கட்டுகிறவரின் முதல் கணக்கு வேகக் கணக்காக இருக்கக் கூடாது, இந்தச் சூட்டுக் கணக்காக இருக்க வேண்டும். கனம் குறைந்த வண்டிக்கு ஒரு நன்மை உண்டு. எடை பாதியானால் கழிக்க வேண்டிய ஆற்றலும் பாதியாகும். ஆனால் அந்த நன்மையைக் கட்டியவர் சொல்லிக் கேட்டுக்கொள்ளக் கூடாது; சோதகர் அளந்து ஏற்க வேண்டும்.

இப்படி அளப்பதற்குப் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் 1998 முதலே ஒற்றை வண்டிக்குத் தனிச் சோதனை உண்டு. 2009 முதல் அது 'தனி வாகன ஒப்புதல்' என்ற பெயரில் நடக்கிறது. மோதிப் பார்ப்பதில்லை. பிரேக், ஸ்டியரிங், விளக்கு, சீட் பெல்ட் பிடிமானம், புகை, சத்தம் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள். உடல் படக்கூடிய இடத்தில் உள்ள விளிம்பு இரண்டரை மில்லிமீட்டர் ஆரத்துக்காவது உருண்டிருக்க வேண்டும் என்பதுவரை விதி உண்டு. நடந்து போகிறவர்மேல் பட்டால் கிழிக்கக் கூடாது என்பதற்காக. நியூசிலாந்தில் 1992-இல் உருவான குறைந்த எண்ணிக்கை வாகனத் தொழில்நுட்பச் சங்கம், கார் ஆர்வலர்களும் அரசும் சேர்ந்து வளர்த்த முறை. பயிற்சி பெற்ற சான்றாளர் பார்த்து ஒப்புக்கொண்டால், வண்டியில் ஒரு சான்றுத் தகடு பொருத்தப்படும். ஆஸ்திரேலியாவிலும் தனியாகக் கட்டிய வண்டிக்கு இப்படி ஒரு வகை இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு புகை. 2020 ஏப்ரல் முதல் நாட்டில் பி.எஸ்.-6 தரம் வந்தபிறகு, பழைய கார்புரேட்டர் என்ஜினைப் புதுக் காரில் வைத்துச் சாலைக்கு விடுவது சரியா என்று கேட்டால், நகரச் சாலையில் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புது வழி திறக்கும்போதே, பி.எஸ்.-6 காரிலிருந்து எடுத்த என்ஜின் அல்லது மின்மோட்டார் மட்டும் என்று நிபந்தனை வைக்கலாம். பழைய காரை மின்சாரத்துக்கு மாற்றும் கருவித் தொகுப்புகளுக்கு ஏ.ஐ.எஸ். 123 என்ற தர விதி ஏற்கெனவே இருப்பதால், மின்சாரக் கிட் காருக்கு வழி இன்னும் எளிது. மூன்றாவது மறுப்பு திருட்டுப் பாகங்கள். ஒவ்வொரு பெரிய பாகத்துக்கும் ரசீது, பிரித்தெடுத்த பழைய காரின் ஆர்.சி. ஒப்படைப்பு, கட்டும் ஒவ்வொரு கட்டத்துக்கும் புகைப்படம் என்று கேட்டால், காயலாங்கடைச் சந்தையில் இன்று இருப்பதைவிட அதிக ஒழுங்கு வரும்.

நான்காவது மறுப்புதான் எனக்கு மிகக் கனமாகப் படுகிறது. கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் மரவள்ளியையும் கடுக்காயையும் கீழே கொண்டுவர நல்ல சாலை கேட்கிறார்கள். அந்த மலையின் அடிப்படை வசதிகள் குறித்து 2024-இல் சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்து அரசிடம் கேள்வி கேட்டது. அங்கே ஸ்போர்ட்ஸ் காரைப் பற்றிப் பேசுவது தகுமா? சாலையும் பஸ்ஸும் ஆம்புலன்ஸும் முதலில் வர வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஒற்றை வண்டிச் சோதனை அவற்றின் பணத்தைப் பிடுங்கப் போவதில்லை. கட்டுகிறவர் செலுத்தும் கட்டணத்திலேயே அது நடக்கும். அதோடு, இந்தச் சோதனை முறை ஸ்போர்ட்ஸ் காருக்கு மட்டும் உரியதல்ல. செங்குத்துச் சாலைக்கேற்ற கனம் குறைந்த விளைபொருள் வண்டி, கால் ஊனமுற்றவர் கையாலேயே ஓட்டும் கார், குறுகிய மலைத்தடத்தில் நோயாளியை ஏற்றிவரும் சிறு வண்டி எல்லாம் பெரிய ஆலை செய்யத் துணியாத குறைந்த எண்ணிக்கைத் தேவைகள். லாபக் கணக்குக்குள் வராத அந்தத் தேவைகளை உள்ளூர்ப் பட்டறைதான் நிறைவேற்ற முடியும். ஸ்போர்ட்ஸ் கார் அதற்கான பயிற்சிக் களம். பிரேக், எடை, திருப்பம், சட்டத்தின் உறுதி ஆகியவற்றில் கொஞ்சமும் பிழை பொறுக்காத வண்டி அது என்பதால், அதைக் கட்டக் கற்ற கைக்கு மற்றவை எளிது.

என்ன செய்யலாம்

செய்ய வேண்டியது பெரிய புரட்சி அல்ல. சொந்த உபயோகத்துக்கு மட்டும், ஒருவருக்கு ஒரு வண்டி, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக் கூடாது என்ற வரம்போடு தனி வகை ஒன்றை மத்திய விதிகளில் சேர்க்கலாம். ஒரகடத்தில் உள்ள வாகன ஆராய்ச்சி மையம் தமிழ்நாட்டு வண்டிகளை மூன்று கட்டமாகப் பார்க்கலாம்: வெறும் சட்டமாக நிற்கும்போது வெல்டிங்கையும் அளவையும், என்ஜின் ஏறியதும் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும், எல்லாம் முடிந்தபின் விளக்கு, விளிம்பு, புகை, சத்தத்தை. தேறினால் ஆர்.சி.யில் 'தனியாகக் கட்டப்பட்டது' என்று தெளிவாக எழுதி, ஆண்டுதோறும் எஃப்.சி. கட்டாயமாக்கலாம். உடன் உட்காருகிறவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் இது எப்படிப்பட்ட வண்டி என்று அதில் தெரிந்துவிடும். ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மாணவர்கள் குழுவாக ஒரு வண்டி கட்டித் தேறினால் அதையே செய்முறைத் தேர்வாக ஏற்கலாம். சீல் வைத்த பெட்டியாக வரும் காரின் கணினிக் கோளாறைப் படிக்கும் கல்வியோடு, ஒரு கார் ஏன் நிற்கிறது, ஏன் திரும்புகிறது என்று அடியிலிருந்து அறியும் கல்வியும் அப்போது சேரும்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து பிறந்தது. 2021-இல் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு மரத்துண்டில் கைநேர்த்தியைப் பார்த்து அதற்குப் பெயரும் பாதுகாப்பும் கொடுக்க அரசுக்குத் தெரிந்திருக்கிறது. இரும்பிலும் அதே நேர்த்தி இந்த ஊர்களில் இருக்கிறது. அதற்குப் பாராட்டு தேவையில்லை, பரீட்சை தேவை. கட்டியவரை நம்பச் சொல்லவில்லை, சோதித்துப் பார்க்கச் சொல்கிறோம். தோற்றால் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புங்கள், திருத்திக்கொண்டு மறுபடி வரட்டும்.

அந்த நாள் வரும்வரை, கட்ட ஆசைப்படுகிறவர்கள் சட்டத்துக்குள் நின்றே கட்ட வேண்டும். பதிவில்லாத காரைப் பொதுச் சாலையில் ஓட்டிக் காட்டி வீடியோ எடுப்பது, மேலே சொன்ன வாதம் ஒவ்வொன்றையும் தோற்கடிக்கும். பந்தயத் தளத்துக்கான காராகக் கட்டலாம். முறையான உரிமம் பெற்று, தளத்தின் சோதனையில் தேறி, அங்கே ஓட்டலாம். கள்ளக்குறிச்சியில் கட்டிய கார் இன்றைக்கு ஒரு லாரியின் முதுகில் ஏறித்தான் செட்டிபாளையம் போக வேண்டும். அதைச் சுமந்து போகும் அந்த லாரியின் பாடி, போகும் வழியிலேயே ஏதோ ஒரு தகர ஷெட்டில் கையால் கட்டியதாக இருக்கும்.